'அண்ட் ஹூ' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்? ரிலேட்டிவ் க்ளாஸ், கேள்வி, நடுவில் ஒரு 'அண்ட்'

தேர்வுப்பறவை

எல்லோருக்கும் வணக்கம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத் தாளில் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் ஒரு வகைக் கேள்வி என்னைப் படுத்தி எடுக்கிறது. குழு விதிப்படி ஆங்கில வாக்கியத்தையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

"தி லாயர் ஹூம் ஐ மெட் எஸ்டர்டே அண்ட் கேவ் மீ ஹிஸ் கார்டு இஸ் ஃப்ரம் சேலம்."

'அண்ட்'டுக்குப் பிறகு 'ஹூ' வேண்டும் என்கிறது விடைப் பகுதி. சரி என்று அடுத்த பக்கம் போனால் "தி லாயர் ஹூ கேம் ஹியர் அண்ட் கேவ் மீ ஹிஸ் கார்டு" என்று வருகிறது. அதற்கு 'பிழை இல்லை'யாம். அங்கேயும் 'அண்ட் கேவ்'தானே? கோச்சிங் சென்டரில் கேட்டதற்கு, "ஹூம் வந்தா பின்னாடி ஹூ போடு, ஹூ வந்தா விட்டுடு, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார்கள். இது உண்மையிலேயே விதியா, இல்லை குறுக்கு வழியா?

வைகைக்கரை வாத்தியார்

குறுக்கு வழிதாம்மா. அதுவும் பாதியில் கவிழ்க்கிற வழி. இதைப் பாருங்கள்:

"தி லாயர் ஹூம் ஐ மெட் அண்ட் மை பிரதர் ஹயர்ட்."

'ஹூம்' இருக்கிறது, பின்னால் 'ஹூ' இல்லை, வாக்கியமோ முழுக்கச் சரி. இப்போது இது:

"தி லாயர் ஹூ கேம் ஹியர் அண்ட் ஐ மெட்."

'ஹூ' வந்திருக்கிறது. விட்டுவிட்டால் தப்பு. 'அண்ட் ஹூம் ஐ மெட்' என்றுதான் இருக்க வேண்டும். ஆக, உங்கள் சென்டர் சொன்னது இரண்டு பக்கமும் பொய்க்கிறது.

பார்க்க வேண்டியது காலி இடத்தை. ரிலேட்டிவ் க்ளாஸ் என்பது, ஒரு பெயரை விவரிக்க 'ஹூ', 'விச்' மாதிரிச் சொல்லோடு ஒட்டி வருகிற, ஒரு இடம் காலியாக இருக்கிற வாக்கியம். 'ஐ மெட் ___ எஸ்டர்டே' என்பதில் செயப்படுபொருள் இடம் காலி. '___ கேவ் மீ ஹிஸ் கார்டு' என்பதில் எழுவாய் இடம் காலி. முன்னால் நிற்கிற ஒரே ஒரு 'ஹூம்' அந்த இரண்டையும் நிரப்ப முடியாது. அதனால் இரண்டாவது பாதிக்குத் தனியாக ஒரு 'ஹூ' போட்டு, அதை முழு க்ளாஸாக ஆக்கிவிட வேண்டும். 'ஹூ கேம் ஹியர் அண்ட் கேவ் மீ' என்பதிலோ இரண்டு வினைக்கும் எழுவாய் ஒருவரே. அங்கே ஒரு 'ஹூ' போதும். 'ஐ மெட் ___ அண்ட் மை பிரதர் ஹயர்ட் ___' என்பதில் இரண்டிலும் செயப்படுபொருள் காலி. அங்கேயும் ஒன்றே போதும்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் காதில் உறுத்துவதில்லை என்றால், தமிழில் இந்த வித்தியாசத்தைக் காட்ட ஒரு சொல்லும் கிடையாது. 'நான் நேற்றுச் சந்தித்த, எனக்கு அட்டை கொடுத்த வக்கீல்' என்று இரண்டு பெயரெச்சத்தை அடுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். சந்தித்தது யாரை, கொடுத்தது யார் என்பதெல்லாம் கேட்பவர் தானாகவே பிரித்துக்கொள்வார். 'உம்'கூட அங்கே ஒட்டாது. 'சந்தித்தவும் கொடுத்தவும் வக்கீல்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறபோது, 'அண்ட்' ஒன்றைச் செருகிவிட்டால் போதும் என்று தோன்றிவிடுகிறது.

தேர்வுப்பறவை

நன்றி ஐயா. இப்போது வெளிச்சமாக இருக்கிறது. ஆனால் இன்னொன்றில் மாட்டிக்கொண்டேன்.

"தி ஹவுஸ் இன் விச் ஹி லிவ்ட் அண்ட் சோல்ட்." தப்பாம்.
"தி ஹவுஸ் விச் ஹி லிவ்ட் இன் அண்ட் லேட்டர் சோல்ட்." சரியாம்.

இரண்டும் ஒரே வீடு, ஒரே ஆள். 'இன்' இடம் மாறினால் என்ன வந்துவிட்டது?

சிலேடை

வாத்தியார் ஐயா சொன்ன காலி இடத்தை வைத்தே பார்க்கலாம். 'ஹி லிவ்ட் இன் ___', 'ஹி சோல்ட் ___'. இரண்டிலும் காணாமல் போனது வீடு மட்டும்தான். 'இன்' தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எனவே ஒரு 'விச்' இரண்டுக்கும் பொருந்துகிறது. முதல் வாக்கியத்தில் 'இன் விச்' என்று இரண்டும் சேர்ந்து முன்னால் ஓடி வந்துவிட்டன. முதல் பாதியில் காணாமல் போனது 'இன்' உள்ளிட்ட முழுத் துண்டு: 'ஹி லிவ்ட் ___'. இரண்டாவது பாதிக்கு அந்தத் துண்டு உதவாது, ஏனென்றால் வீட்டுக்கு உள்ளே இருந்துகொண்டு எதையோ விற்றார் என்றாகிவிடும். அவர் விற்றது வீட்டையே. 'இன் விச் ஹி லிவ்ட் அண்ட் விச் ஹி லேட்டர் சோல்ட்' என்றால் தீர்ந்தது.

வாக்கியத்தின் கடைசியில் 'இன்' வைப்பதே தப்பு என்று சொல்லிக்கொடுக்கிற பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. இங்கே பாருங்கள், அப்படி வைத்ததால்தான் ஒரு 'விச்' மிச்சமாகிறது.

இதற்கெல்லாம் அடிப்படையான விதியை எழுதி வைத்தவர் அமெரிக்க மொழியியலாளர் ஜான் ராபர்ட் ராஸ். 1967இல் எம்.ஐ.டி.யில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் அது இருக்கிறது. 'இன்'னையும் இழுத்துக்கொண்டு 'விச்' முன்னால் வருகிறதே, அதற்கு 'பைட் பைப்பிங்' என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். எலிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு போன ஹேம்லின் ஊர்க் குழல்காரன் கதைதான் அந்தப் பெயருக்குக் காரணம். அவருடைய விதி இது: 'அண்ட்', 'ஆர்' போட்டு இணைத்த துண்டுகளில் ஏதாவது ஒன்றிலிருந்து மட்டும் எதையும் உருவி வெளியே எடுக்கக் கூடாது. ஒரு துண்டை முழுசாகத் தூக்கவும் கூடாது. ரிலேட்டிவ் க்ளாஸுக்கும் கேள்விக்கும் இது ஒன்றாகவே பொருந்தும். இரண்டிலும் நடப்பது ஒரே வேலை, ஒன்றை உருவி முன்னால் வைப்பது.

கேள்வியில் பாருங்கள். 'யூ ஏட் ரைஸ் அண்ட் ஃபிஷ்.' இதில் மீனைப் பற்றிக் கேட்கப் போய்,

"வாட் டிட் யூ ஈட் ரைஸ் அண்ட்?"

என்று எந்த ஆங்கிலக்காரரும் கேட்க மாட்டார். ஆனால்

"வாட் டிட் யூ ஈட் ரைஸ் வித்?"

தாராளமாகக் கேட்பார். தட்டில் இருப்பது அதே சோறு, அதே மீன். 'வித்' விடுகிறது, 'அண்ட்' விட மறுக்கிறது. அப்படியானால் தடை பொருளில் இல்லை, இணைப்பின் கட்டமைப்பில் இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்றையும் ராஸே கவனித்தார். எல்லாத் துண்டிலிருந்தும் ஒரே பொருளைச் சமமாக உருவினால் பழுதில்லை. "விச் லெட்டர் டிட் ரவி ரைட் அண்ட் சீதா டேர் அப்?" ரவி எழுதியதும் அந்தக் கடிதம், சீதா கிழித்ததும் அந்தக் கடிதம். இந்தச் சமப் பங்கீட்டைப் பற்றி எட்வின் வில்லியம்ஸ் 1978இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'அக்ராஸ் தி போர்டு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வாத்தியார் ஐயா கொடுத்த 'ஐ மெட் அண்ட் மை பிரதர் ஹயர்ட்' இந்த வகைதான்.

ரொறன்ரோ வேலணையான்

நல்ல இழை. நான் இஞ்ச கனடாவில கன காலமா இருக்கிறன். என்ர மகள் இஞ்சயே பிறந்து வளர்ந்தவள். அவளிட்ட உந்த வக்கீல் வசனத்தைச் சொல்லிப் பார்த்தன். "ஹூம் எண்டு ஆரப்பா கதைக்கிறது" எண்டு சிரிச்சுப்போட்டு, தான் சொல்லுறதெண்டா இப்பிடித்தான் எண்டாள்:

"திஸ் லாயர் ஐ மெட் எஸ்டர்டே, அண்ட் ஹி கேவ் மீ ஹிஸ் கார்டு..."

ரெண்டாம் பாதிக்கு 'ஹூ'வும் இல்லை, காலி இடமும் இல்லை, நேர 'ஹி'. பேச்சில உது சர்வசாதாரணம். எழுதேக்க எண்டா தானும் 'ஹூ' போடுவாளாம்.

ஆனா தங்கச்சி சிலேடை, உங்கட ராஸ் சொன்ன விதி முழுக்கச் சரியெண்டு எனக்குப் படேல்ல. வீட்டில நாளாந்தம் கேக்கிற கேள்வி:

"வாட் டிட் யூ கோ டு தி ஸ்டோர் அண்ட் பை?"

'பை'க்குப் பின்னால மட்டும்தான் காலி. 'கோ டு தி ஸ்டோர்' பக்கத்தில ஒண்டும் உருவேல்ல. எண்டாலும் ஒருத்தருக்கும் காதில இடிக்கிறேல்ல. உதுக்கு என்ன சொல்லுறியள்?

சிலேடை

அண்ணை, சரியான இடத்தில் பிடித்தீர்கள். கடைக்குப் போய் வாங்குகிற இந்த மாதிரி வாக்கியம் ராஸின் ஆய்வேட்டிலேயே இருக்கிறது. இங்கே 'அண்ட்' உண்மையான இணைப்பு இல்லை என்று அவர் ஒதுக்கிவைத்தார். பிறகு 1985இல் ஜான் கோல்ட்ஸ்மித் என்ற மொழியியலாளர் இன்னொரு வகையைக் காட்டினார். என் சொந்த உதாரணத்தில் சொன்னால்:

"ஹவ் மச் காஃபி கேன் யூ ட்ரிங்க் அண்ட் ஸ்டில் ஸ்லீப் அட் டென்?"

உருவியது முதல் பாதியிலிருந்து மட்டும். அடுத்த ஆண்டு ஜார்ஜ் லேக்காஃப், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்கிற வகையைச் சேர்த்து, இந்த விதியைக் கட்டமைப்பு விதி என்பதே தவறு, பொருள்தான் தீர்மானிக்கிறது என்று வாதாடினார். அந்தச் சண்டை இன்னும் முழுசாக அடங்கவில்லை.

வைகைக்கரை வாத்தியார்

இந்த மூன்றையும் தமிழில் சொல்லிப் பார்த்தேன். சுவாரசியமாக இருக்கிறது.

கடைக்குப் போய் என்ன வாங்கினாய்?
எவ்வளவு காப்பி குடித்தும் பத்து மணிக்குத் தூங்க முடியும்?
காரண வகைக்கு: எந்தக் கஷாயத்தைக் குடித்து நூறு வயது இருந்தார்கள்?

போய், குடித்தும், குடித்து. மூன்றும் வினையெச்சம். அதாவது ஒரு வினை முற்று, மற்றது அதைச் சார்ந்து நிற்கிற எச்சம். ஆங்கிலக்காரன் மூன்றுக்கும் ஒரே 'அண்ட்'டைப் போட்டு மூடிவிட்டான். நாம் உள்ளே இருப்பதைத் திறந்தே வைத்திருக்கிறோம். சமமான இரண்டு வேலை என்றால் நாம் 'ரவி கடிதம் எழுதினான், சீதா அதைக் கிழித்தாள்' என்று இரண்டு முற்றாகவே சொல்வோம். அங்கேதான் ராஸ் விதி பிடிவாதமாக நிற்கிறது.

தமிழில் வினையெச்சத்தால் சொல்ல முடிந்தால், ஆங்கிலத்தில் ஒரு பாதியிலிருந்து மட்டும் உருவ இடம் உண்டு. என் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லுவேன்.

எதிர்க்கட்சி

வாத்தியாரே, கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஓட்டை பெரிசு. தமிழில் ஒரே ஆள் இரண்டு வேலை செய்தால் எல்லாமே வினையெச்சம்தான். 'எழுந்து, பல் துலக்கி, பேப்பர் படித்து, குளித்தான்.' இதில் எது எதைச் சார்ந்திருக்கிறது? 'பேப்பர் படித்து' என்பதற்காக

"வாட் டிட் ஹி ரீட் தி பேப்பர் அண்ட் வாஷ்?"

என்று கேட்க முடியுமா? உங்கள் சூத்திரப்படி முடிய வேண்டும். எனக்கு அது சகிக்கவில்லை.

அப்புறம் ஒரு சந்தேகம். 'ஹூம்' என்பதே பேச்சில் செத்துப்போன சொல். ரொறன்ரோ அண்ணாச்சி மகளே சிரிக்கிறது. 'ஹூ ஐ மெட் அண்ட் கேவ் மீ' என்று 'ஹூ'வை வைத்துவிட்டால் ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துமே? அப்போதும் தப்பா?

சிலேடை

முதல் பகுதிக்கு: எதிர்க்கட்சி சொல்வது சரி. தமிழ் எச்சம் ஒரு திசையில்தான் சோதனையாக உதவும். ஆங்கிலத்தில் விதியை மீறுகிற வாக்கியங்களைத் தமிழில் எச்சத்தால் சொல்ல முடிகிறது. ஆனால் தமிழில் எச்சமாக வருவதெல்லாம் ஆங்கிலத்தில் விதியை மீறாது. பேப்பர் படித்ததற்கும் குளித்ததற்கும் நடுவில் முன்பின் என்ற வரிசை மட்டும் இருக்கிறது. கடைக்குப் போனது வாங்குவதற்காக. அந்த மாதிரி நோக்கமோ, முன்னே சொன்ன காப்பி வகை, காரண வகை உறவோ இருந்தால்தான் ஆங்கிலம் இளகுகிறது.

ஆங்கிலத்துக்கு உள்ளேயே ஒரு சோதனை உண்டு. 'போத்' போட்டுப் பாருங்கள். 'ஹி போத் வென்ட் டு தி ஸ்டோர் அண்ட் பாட் மில்க்' என்றால் இரண்டும் தனித்தனி சாதனையாக ஆகிவிடுகிறது. உடனே "வாட் டிட் ஹி போத் கோ டு தி ஸ்டோர் அண்ட் பை?" என்ற கேள்வி உடைந்துவிடும். 'போத்' வந்ததும் 'அண்ட்' நிஜ 'அண்ட்' ஆகி, ராஸ் விதி விழித்துக்கொள்கிறது.

இரண்டாம் பகுதிதான் எனக்குப் பிடித்த இடம். 'ஹூ' என்று வைத்தாலும் "தி லாயர் ஹூ ஐ மெட் அண்ட் கேவ் மீ ஹிஸ் கார்டு" தப்புதான். சொல்லின் உருவம் பிரச்சினையே இல்லை. அப்படியானால் எழுவாயும் செயப்படுபொருளும் கலக்கவே கூடாதா என்றால், அதுவும் இல்லை:

"தி ப்ளேயர் ஹூ தி கோச் லைக்ஸ் அண்ட் தி ஃபேன்ஸ் ஹோப் வில் வின்."

'தி கோச் லைக்ஸ் ___' செயப்படுபொருள். 'தி ஃபேன்ஸ் ஹோப் ___ வில் வின்' எழுவாய். கலந்திருக்கிறது, ஆனாலும் வாக்கியம் ஓடுகிறது! இந்த மாதிரி இணைகளை எடுத்துவைத்து 1981இல் ஜெரால்ட் கஸ்டார் என்ற மொழியியலாளர் ஒரு விளக்கம் கொடுத்தார். 'ஹோப் ___ வில் வின்' என்பதில் காலி இடம் ஒரு வாக்கியத்துக்கு உள்ளே புதைந்திருக்கிறது. அந்தத் துண்டு, முன்னால் ரசிகர்களை எழுவாயாகக் கொண்ட, உள்ளே எங்கோ ஓர் ஓட்டையுள்ள ஒரு வாக்கியம். 'தி கோச் லைக்ஸ் ___' என்பதும் அதே வகை. ஒரே வகை என்பதால் 'அண்ட்' சேர்த்துக்கொள்கிறது. 'கேவ் மீ ஹிஸ் கார்டு' என்பது ஓட்டையுள்ள வாக்கியம் அல்ல, எழுவாயே இல்லாத வெறும் பயனிலைத் துண்டு. வகை வேறு, எனவே சேராது.

'எழுவாய் எழுவாயோடு, செயப்படுபொருள் செயப்படுபொருளோடு' என்று பரீட்சைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'அண்ட்' உண்மையில் பார்ப்பது, இரண்டு பக்கத்துத் துண்டும் ஒரே வகையா என்பதை.

வைகைக்கரை வாத்தியார்

எதிர்க்கட்சியின் ஓட்டையை ஏற்றுக்கொள்கிறேன். சூத்திரத்தை ஒருவழிப் பாதை என்று திருத்திக்கொள்ளலாம்.

'ஒரே வகை' என்றதும் பழைய இலக்கணக்காரர்களின் 'அண்ட் விச்' தகராறு ஞாபகம் வருகிறது. "எ புக் ஃபுல் ஆஃப் எரர்ஸ் அண்ட் விச் நோபடி ரீட்ஸ்." முன்னால் ஒரு 'விச்' இல்லாமல் திடீரென்று 'அண்ட் விச்'. 1926இல் தன் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியை வெளியிட்ட ஃபவுலர் இதற்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார். பெரிய எழுத்தாளர்களும் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதால் நான் விடைத்தாளில் அடித்ததில்லை, ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடுவேன். தேர்வில் வந்தால் பிழை என்றே குறியுங்கள்.

உரைபெயர்ப்பாளி

சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கிறவன் என்ற முறையில் ஒன்று. எங்களுக்கு 'ஹூ' விடுபட்டால் பரவாயில்லை, எத்தனை கூட்டம் என்று தெரியாவிட்டால்தான் வினை.

"மெம்பர்ஸ் ஹூ ஆர் ஓவர் சிக்ஸ்டி அண்ட் ஹூ ஹேவ் பெய்ட் தி ஃபீ."

அறுபதும் தாண்டி, கட்டணமும் கட்டிய ஒரே கூட்டம் என்று படிக்கத் தோன்றும். ஆனால்

"ஸ்டூடன்ட்ஸ் ஹூ லிவ் இன் சென்னை அண்ட் ஹூ லிவ் இன் மதுரை."

அமைப்பு அச்சு அசல் அதே. இங்கே இரண்டு கூட்டம், ஏனென்றால் ஒரே மாணவர் இரண்டு ஊரில் குடியிருப்பது வழக்கமில்லை. இலக்கணம் எதையும் தீர்க்கவில்லை, உலக அறிவுதான் தீர்க்கிறது. ஒப்பந்தத்தில் உலக அறிவை நம்பினால் வழக்குதான் வரும். அதனால் இரண்டு கூட்டம் என்றால் 'அண்ட் தோஸ் ஹூ' என்று போட்டுவிட வேண்டும். ஒரே கூட்டம் என்றால் 'ஹூ போத்... அண்ட்' என்று கட்டிவிட வேண்டும். தமிழில் 'அறுபது வயதைக் கடந்த, கட்டணம் செலுத்திய உறுப்பினர்கள்', 'அறுபது வயதைக் கடந்தவர்களும் கட்டணம் செலுத்தியவர்களும்' என்று இரண்டும் தானாகவே பிரிந்து நிற்கும். மொழிபெயர்க்க உட்காரும்போதுதான், மூலத்தில் எது என்று தெரியாமல் வரைவாளருக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

இதோடு ஒரு 'நாட்' சேர்ந்தால் இன்னும் மோசம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2024 மார்ச்சில் பல்சிஃபர் வழக்கு என்று ஒன்று தீர்ப்பானது. 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒன்று, சில போதைப்பொருள் வழக்குகளில் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து விலக்குக் கிடைக்க, குற்றவாளிக்கு 'ஏ, பீ, அண்ட் சீ' ஆகிய பழைய குற்றப் பதிவுகள் 'இல்லாதிருக்க' வேண்டும் என்றது. மூன்றும் ஒருசேர இருந்துவிடாமல் இருந்தால் போதுமா, அல்லது மூன்றில் ஒன்றுகூட இருக்கக் கூடாதா? ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கேகன், எதிர்த்து எழுதியவர் நீதிபதி கோர்சச். ஒரு 'அண்ட்'டுக்குப் பின்னால் எத்தனை பேருடைய சிறை ஆண்டுகள்! ஒவ்வொரு உட்பிரிவிலும் 'டஸ் நாட் ஹேவ்' என்று திரும்ப எழுதியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. இந்தத் துறையில் கூறியது கூறல் குற்றமில்லை, கவசம்.

தேர்வுப்பறவை

படிக்கப் படிக்கத் தலை சுற்றினாலும் நன்றாக இருக்கிறது. கேள்விப் பக்கம் ஒரு சந்தேகம். இதில் எங்கே பிழை?

"ஐ ஆஸ்க்ட் ஹிம் வென் ஹி வுட் கம் அண்ட் வாட் வுட் ஹி பிரிங்."

எனக்கு எல்லாம் சரியாகவே படுகிறது.

வைகைக்கரை வாத்தியார்

'வாட் வுட் ஹி பிரிங்' தப்பு. 'வாட் ஹி வுட் பிரிங்' என்று இருக்க வேண்டும்.

நேரடிக் கேள்வியில் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வரும்: 'வாட் வில் ஹி பிரிங்?' கேள்வியை வேறொரு வாக்கியத்துக்குள் அடக்கிவிட்டால் தாண்டுதல் இல்லை. இது எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற விதிதான். ஆனால் 'அண்ட்' வந்தால் பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான தாளில் பார்த்திருக்கிறேன். முதல் பாதியைச் சரியாக எழுதுவார்கள். 'அண்ட்' தாண்டியதும் 'ஐ ஆஸ்க்ட்' என்பது மறந்துபோய், புதிதாகக் கேள்வி கேட்பதுபோல் துணைவினையை முன்னால் தூக்கிவிடுவார்கள். தேர்வு வைப்பவருக்கும் இது தெரியும். அதனால்தான் உங்கள் வாக்கியத்தில் பிழை இரண்டாம் பாதியில் ஒளிந்திருக்கிறது. 'அண்ட்'டைப் பார்த்ததும், அதற்குப் பின்னால் இருப்பதை முதல் வினையோடு நேரடியாக ஒட்டிப் படியுங்கள்: 'ஐ ஆஸ்க்ட் ஹிம் வாட் வுட் ஹி பிரிங்'. பிழை தெரிந்துவிடும்.

நமக்கு ஏன் உறுத்துவதில்லை? 'எப்போது வருவார், என்ன கொண்டுவருவார் என்று கேட்டேன்.' நேரடிக் கேள்வி எப்படியோ அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்கிறது, கடைசியில் ஒரு 'என்று' எல்லாவற்றையும் கட்டிவிடுகிறது. எத்தனை கேள்வியை அடுக்கினாலும் ஒரே 'என்று'.

எதிர்க்கட்சி

அப்படியே இதையும் தீர்த்துவிடுங்கள். 'வென் அண்ட் வேர் டிட் யூ மீட் ஹர்?' சரி என்கிறார்கள். அதே அச்சில் "வாட் அண்ட் வேர் டிட் யூ பை?" என்று எழுதினேன். அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரர் முகம் சுளித்தார். விளக்கமும் சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

சிலேடை

தாய்மொழிக்காரர்கள் சுளிக்கத்தான் செய்வார்கள், விளக்க மாட்டார்கள். :-)

இரண்டு கேள்வியாகப் பிரித்துப் பாருங்கள். 'வென் டிட் யூ மீட் ஹர்?', 'வேர் டிட் யூ மீட் ஹர்?' இரண்டும் தன் காலில் நிற்கின்றன. 'வாட் டிட் யூ பை?' நிற்கிறது. 'வேர் டிட் யூ பை?' நிற்காது. 'பை'க்குச் செயப்படுபொருள் கட்டாயம். 'வாட்' அந்தக் கட்டாய இடத்தை நிரப்புகிறது, 'வேர்' வெறும் கூடுதல் தகவல். சரிபார்க்க 'ஈட்' போட்டுப் பாருங்கள். "வாட் அண்ட் வென் டிட் யூ ஈட்?" என்பதைப் பலர் ஏற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் 'வென் டிட் யூ ஈட்?' தனியாகவே நிற்கும். 'பை'க்கு நல்ல வழி, கூடுதல் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுவது: "வாட் டிட் யூ பை, அண்ட் வேர்?"

போகிற போக்கில் ஒருமை பன்மையும். 'ஹவ் அண்ட் ஒய் ஹி லெஃப்ட் இஸ் எ மிஸ்டரி' என்பதில் ஒரே விஷயம், எனவே 'இஸ்'. 'ஹவ் ஹி லெஃப்ட் அண்ட் ஒய் ஹி லெஃப்ட் ஆர் டிஃபரன்ட் கொஸ்டின்ஸ்' என்று முழுசாக இரண்டு முறை எழுதிப் பிரித்தால் 'ஆர்'.

மட்டுறுத்துநர்

'இஸிண்ட் இட்' பற்றிய வாக்குவாதத்தைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அது அங்கேயே தொடரட்டும். இங்கே தலைப்பை ஒட்டிப் பேசவும்.

தேர்வுப்பறவை

கடைசியாக ஒன்று. நேற்றைய மாதிரித் தாளில் வந்தது, நான்கு பகுதியாகப் பிரித்திருந்தார்கள்:

"தி ஸ்கூல் (ஏ) / இன் விச் ஷி ஸ்டடீட் (பீ) / அண்ட் லேட்டர் டாட் (சீ) / ஹேஸ் பீன் க்ளோஸ்ட் (டீ)." பிழை இல்லை என்றால் (ஈ).

'இன் விச்' என்று பார்த்ததும் வீட்டு வாக்கியம் ஞாபகம் வந்து (சீ) என்று குறித்தேன். விடை (ஈ) என்கிறது.

வைகைக்கரை வாத்தியார்

(ஈ) சரிதாம்மா. படித்ததும் அந்தப் பள்ளிக்குள்ளே, பாடம் நடத்தியதும் அந்தப் பள்ளிக்குள்ளே. இரண்டு வினைக்கும் 'இன் விச்' முழுசாகப் பொருந்துகிறது. 'டாட்' இருக்கிற இடத்தில் 'பாட்' வைத்திருந்தால், அதாவது அந்தப் பள்ளியையே அந்த அம்மாள் பிற்பாடு விலைக்கு வாங்கியிருந்தால், நீங்கள் குறித்த (சீ) சரியாக இருந்திருக்கும்.